நெடுந்தீவு இறங்குதுறையில் என் நெஞ்சு

ஊருக்கு நல்லது செய்தே தீருவேன் என்ற துடிப்பு ஏறிவிட்டால் மனிதனுக்கு மூளை வேலை செய்யாது. எனக்கு இருபத்துநாலு வயதில் அந்தத் துடிப்பு தலைக்குமேல் இருந்தது.

அது போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். ஒரு சுகாதாரத் திட்டத்தில் வேலை கிடைத்து, கையில் ஒரு பெட்டியும் தந்திருந்தார்கள். அதன் வயர்களை நெஞ்சில் ஒட்டிப் போனோடு இணைத்தால், நெடுந்தீவில் அடிக்கிற நெஞ்சை யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்கள் திட்டத்து டொக்டர் கோடுகளாகப் பார்ப்பார். கேட்டதுமே எனக்குப் புல்லரித்தது. (முதல் வாரம் பெட்டியைக் கட்டிலிலேயே வைத்துப் படுத்தேன். அம்மா அதற்கும் சேர்த்துப் போர்த்திவிட்டார்.)

நெடுந்தீவு ஆஸ்பத்திரி டொக்டருக்கு மட்டும் புல்லரிக்கவேயில்லை.

"தம்பி, சூசையண்ணைக்கு நெஞ்சு சரியில்லை எண்டு உம்மட பெட்டி இல்லாமலே எனக்குத் தெரியும். அந்தாளை வள்ளத்தில ஏத்தத்தான் ஏலாமல் கிடக்கு. நீர் ஏத்தும், நான் பெட்டியை வைச்சுக்கொள்ளுறன்."

சூசையண்ணை கடற்றொழிலாளி. நாலடி நடந்தால் இடக்கையைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவார். ஆனால் ஆஸ்பத்திரி என்றால், "யாழ்ப்பாணம் போனா வெட்டுவாங்கள்" என்பதுதான் அவருடைய ஒரே பதில். அந்த ஒரு மனிதரைச் சம்மதிக்க வைத்தால் தீவே சம்மதித்த மாதிரி.

போனுக்குச் சிக்னல் கிடைத்தது இறங்குதுறையில் மட்டும்தான். அதிலும் கட்டி நின்ற பயணிகள் படகுக்குள் அருமையாகக் கிடைத்தது. அடுத்தநாள் காலை அங்கேயே கடை விரித்தேன். சனம் கூடிவிட்டது; சூசையண்ணையும் ஆஸ்பத்திரி டொக்டரும்கூட வந்து நின்றார்கள். படகோட்டி இஞ்சினை ஓடவிட்டிருந்தார். நிப்பாட்டச் சொன்னேன்.

"நிப்பாட்டினா பிறகு ஸ்டார்ட் வராது தம்பி."

சரி, ஓடட்டும் என்றேன். என் அறிவு அவ்வளவுதான்.

சூசையண்ணை வயர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முதல் உமக்குப் பூட்டும், பாப்பம்."

இதற்குத்தானே காத்திருந்தேன்! சேர்ட்டைக் கழற்றி, இஞ்சின் மேலிருந்த பலகையில் மல்லாந்து படுத்தேன். (என் விலா எலும்புகளை எண்ணிப் பார்க்காதவர் அன்று நெடுந்தீவில் இல்லை.) எல்லாரும் கேட்கட்டும் என்று போனின் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டேன்.

கோடுகள் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தன. உடனே போனில் எங்கள் திட்டத்து டொக்டர் கத்தினார். "நோயாளியை எழும்ப விடாதேங்கோ! இந்த நெஞ்சு எந்த நேரமும் நிக்கப்போகுது! உடனை கொண்டுவாங்கோ!"

லைன் கட்டாகிவிட்டது. எனக்குக் கீழே பலகை கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ, அது என்ர நெஞ்சில்லை! இஞ்சின்!"

"பொடியனுக்குப் புத்தி தடுமாறுது" என்று ஒரு அக்கா அழத் தொடங்கினார்.

நாலு பேர் என்னை அமத்திப் பிடித்தார்கள். படகில் நோயாளி இருந்தால் நேரகாலம் பார்ப்பதில்லை என்பது தீவின் வழக்கம். கயிறு கழன்றுவிட்டது. நெடுந்தீவு டொக்டர் என் நாடியைப் பிடித்து ஆறுதலாக எண்ணினார். பிறகு குனிந்து, "பேசாமல் கிடவும்" என்று காதுக்குள் சொல்லிவிட்டுக் குரலை உயர்த்தினார்.

"சூசையண்ணை, நான் ஆஸ்பத்திரியை விட்டிட்டு வர ஏலாது. நீங்கள்தான் தம்பியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேணும்."

வருடக்கணக்கில் மறுத்த மனிதர் உடனே படகில் ஏறினார். வழி முழுக்க என் கையை விடவில்லை. "பயப்படாதையும் தம்பி. இப்ப டொக்டர்மார் நல்லா வெட்டுவினம்."

நடுக்கடலில் இஞ்சின் நின்றது. உடனே எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். படகோட்டி இரும்புக் கைபிடியைப் போட்டுச் சுழற்றிக் களைத்துப்போக, சூசையண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார். உண்மையிலேயே என் நெஞ்சு நின்றது அந்த நேரத்தில்தான்.

"அண்ணை, தொடாதேங்கோ!" பாய்ந்துபோய்க் கைபிடியைப் பறித்து, சனம் ஐயோவென்று குளற நானே சுழற்றினேன். மூன்றாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. சாகிற நேரத்திலும் பொடியனுக்கு எவ்வளவு பலம் என்று சூசையண்ணை கண்ணைத் துடைத்தார்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் உண்மையை மெல்லச் சொல்லி இரண்டு பேரையும் சோதிக்க வைத்தேன். என்னைப் பத்து நிமிடத்தில் துரத்திவிட்டார்கள். அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. இன்னும் சில நாள் போயிருந்தால் ஆள் தப்பியிருக்காது என்றார்கள். வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்து அழுதேன், சிரித்தேன், எது முதலில் வந்தது என்று தெரியாது.

பெட்டியை நெடுந்தீவு டொக்டர் வைத்துக்கொண்டார். சனமும் தாங்களாகவே கேட்டு வந்து பூட்டிக்கொண்டது, படகில் இல்லை, இறங்குதுறைத் தரையில் வைத்துத்தான்.

சூசையண்ணை சுகமாகி வந்து என் கலியாணத்தில் முன்வரிசையில் இருந்தார். சாகக் கிடந்த என்னைத் தான் எப்படிக் கடல் கடத்திக் காப்பாற்றினார் என்று பெண்வீட்டார் ஒருவர் விடாமல் கூப்பிட்டுச் சொன்னார். மாமனார் முகம் கறுத்துப்போனது. இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு அவர் "அப்பாவைக் காப்பாத்தின பெரியப்பா". போன் எடுத்தால் முதல் கேள்வி, "நெஞ்சு எப்பிடித் தம்பி?"

"உங்களாலதான் அண்ணை இருக்கிறன்" என்பேன். பக்கத்தில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.