காட்டேரி அண்ணாச்சியின் தொட்டில்

தூத்துக்குடியில் பேய்க்குப் பயப்படாத ஆள் கிடைக்கலாம். காட்டேரி அண்ணாச்சிக்குப் பயப்படாத ஆளை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவர். ஒட்டடைக் குச்சி உடம்பு, நடந்தால் சத்தமே வராத ரப்பர் செருப்பு. டியூட்டி முடிந்தால் ஆத்தூர் வெற்றிலையோடுதான் குடித்தனம். அந்தச் சிவப்பு மறுநாள் காலையிலும் உதட்டை விட்டுப் போகாது. ஊசியோடு வந்து நின்று, அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த மாஸ்க்கை இறக்கிச் சிரிப்பார். அதோடு வார்டு முழுக்க அலறும்.

போதாக்குறைக்கு ஒரு வழக்கம் வேறு. குணமாகி வீட்டுக்குக் கிளம்பும் பிள்ளைகள் அவரிடம் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. 'போறேன்' என்றுதான் சொல்ல வேண்டும்.

"அபசகுனமா பேசுதீரே, நல்லா இருப்பீரா?" என்று ஒரு தாய் சண்டைக்கே போய்விட்டாள்.

"திரும்பத் திரும்ப வாரதுக்கு இது என்ன திருச்செந்தூராம்மா?" என்றார் அண்ணாச்சி.

என் மகள் தர்ஷினிக்கு அப்போது ஏழு வயது. ரத்தப் புற்றுநோய். அவள் கட்டில் லேபின் சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'கிரீச்... கிரீச்...' என்று ஓயாமல் ஒரு சத்தம் வரும். தொட்டில் ஆடுகிற சத்தமேதான். 

"செத்துப்போன பாப்பாவ அங்கன போட்டு ஆட்டுதாவ" என்று பக்கத்துக் கட்டில் பிள்ளை சொல்லிவைத்திருந்தது. ஒரு நாள் காலை தர்ஷினியின் ஈறில் ரத்தம் கசிந்தது. சாயங்காலத்துக்குள் ரத்தத்தட்டு, அதாவது பிளேட்லெட், ஏற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து என்றார் டாக்டர். நர்ஸ் வேறு வெள்ளந்தியாக, "அங்கன ஆடுதுல்லா, அதத்தான் ஒனக்குள்ள ஏத்தப் போறோம்" என்று சொல்லித் தொலைத்தாள்.

அவ்வளவுதான். தர்ஷினி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "அந்தப் பாப்பா எனக்குள்ள வர வேண்டாம்ப்பா." கெஞ்சினேன், மிரட்டினேன், நானும் சேர்ந்து அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை.

காட்டேரி அண்ணாச்சி சக்கர நாற்காலியோடு வந்தார். வாரா வாரம் பிள்ளைகளை லேபுக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவார். அன்று ஒருத்திக்காகவே காட்டினார். வாசலில் ரகசியக் குரலில், "உள்ள யாரையும் பேர் சொல்லிக் கூப்புடாத. டியூப்ல இருக்கவுக திரும்பிப் பாத்துருவாவ" என்றார். இப்படியா ஒரு மனுஷன் தைரியம் சொல்வான்?

கடைசி அறையில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே தட்டுகள், யாரும் தொடாமல், தாமாகவே முன்னும் பின்னும் ஆடின. தட்டில் மஞ்சள் பைகள் படுத்திருந்தன. உப்புக் காற்றில் துருப்பிடித்த கீல்தான் கிரீச்சிட்டது. தர்ஷினி என் விரலை நெரித்தாள்.

திடீரென்று விளக்கு அணைந்தது. சத்தமும் நின்றது. அந்த அமைதி சத்தத்தைவிட மோசம்.

"ஐயையோ, தூங்கிரும்லா" என்றது இருட்டில் அண்ணாச்சியின் குரல். மறுபடி 'கிரீச்'. கையால் ஆட்டிக்கொண்டிருந்தார். "இதுக ரத்தம் கசியுத எடத்த அடைக்க வந்த ஆளுக. அசையாம கெடந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். பெறவு வேலைக்கு ஆவாது. ஏளா, கை கடுக்கு. கொஞ்சம் ஆட்டுதியா?"

என் விரலைப் பிடித்திருந்த கை மெல்ல விலகியது. பிறகு தட்டின் சத்தம் மெதுவாக மாறியது. சின்னக் கையின் தாளம்.

"இது யாரு மாமா?"

"ஹார்பர்ல லாரி ஓட்டுத ஒருத்தன் குடுத்தது. நல்லா உசுரோடதான் இருக்கான். குடுத்துட்டு எட்டு இட்லி தின்னுட்டுப் போனான்."

இருட்டில் என் மகள் சிரித்தாள். விளக்கும் வந்துவிட்டது. வெளியே வந்தால் வராந்தா விசிறி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் போகவே இல்லை என்றார் வாட்ச்மேன். விளக்கு அணைந்தபோது சுவிட்ச் பக்கத்தில் நின்றவர் அண்ணாச்சிதான். 

கட்டிலுக்கு வந்ததும் தர்ஷினியே கையை நீட்டினாள். "சீக்கிரம் ஏத்துங்கக்கா, தூங்கிரப் போவுது."

மாதங்கள் கழித்து, சிகிச்சை முடிந்து கிளம்பும் நாளில் லேப் வாசலில் நின்றோம். "போறேன் மாமா" என்றாள் தர்ஷினி, பாடம் ஒப்பிப்பதுபோல. மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே "போ" என்றார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டாள்.

என்னால்தான் முடியவில்லை. "போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அவர் முறைக்கிற முறைப்பை ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நின்றேன்.