நாலு காலில் வீடு பார்த்தவர்

வீடு பார்க்கத் தெரிந்த மனிதர் இந்தச் சென்னை ராஜ்யத்திலேயே ஒரே ஒருவர்தான். நாமெல்லாம் வீட்டை நின்றுகொண்டு பார்க்கிறோம். அவர் தவழ்ந்து பார்த்தார்.

ஆறடி உயரம், ஐம்பது வயது, முறுக்கிய மீசை, சலவை வேஷ்டி. இத்தனையும் உள்ள ஒருவர் யாரோ ஒருவருடைய வீட்டுக் கூடத்தில் முழங்காலும் உள்ளங்கையுமாக ஊர்ந்து போவதைப் பார்த்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் சிரித்தேன். சிரித்ததற்குச் சரியாக ஒரு வாரம் கழித்துத் தண்டனை கிடைத்தது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பி.ஏ. பாஸ் செய்தவன், கூட்டுறவு இலாகாவில் ஜூனியர் இன்ஸ்பெக்டர். சங்கரன்கோவில் நெசவாளர்களை ஆறே மாதத்தில் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டு, ஏழாவது மாதம் வேறு ஊரை முன்னேற்றப் போய்விடலாம் என்ற உத்தேசத்தோடு ரயிலிலிருந்து இறங்கினேன். கூட மனைவி விசாலம், மூன்று வயது ரகு, எட்டு மாதத்துப் பாப்பா, பதினொரு உருப்படி சாமான், ஒரு மரத்தொட்டில். மாதமோ ஆடி. ஜட்கா வண்டி சத்திரத்து வாசலை அடைவதற்குள் காற்று வாரிக் கொட்டிய புழுதியில் நாங்கள் நாலு பேரும் ஒரே நிறத்துக்கு வந்திருந்தோம். குதிரை மட்டும் முன்பே அந்த நிறம்.

சத்திரத்து மணியக்காரர் முதல் வார்த்தையாகவே கெடு வைத்தார். "சார், தபசுக்கு ஜனம் வந்து குமியும். சனிக்கிழமை கொடி ஏறுது. வெள்ளிக்கிழமையே காலி பண்ணிரணும்."

ஆடித் தபசு அந்த ஊருக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் சேர்ந்த மாதிரி. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கோமதியம்மன் வாசலுக்கு வந்துவிடும். விசாலம் தன் பங்குக்கு ஒரு கெடு வைத்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வீடு கிடைக்கலேன்னா சனிக்கிழமை ரயிலுக்கு நானும் குழந்தைகளும் கும்பகோணம். அப்புறம் கூப்பிட்டா வரமாட்டேன். நீங்க உங்க சங்கத்துத் தறியிலேயே படுத்துக்குங்க."

அவள் சொன்னால் செய்கிறவள். கல்யாணமான ஐந்து வருஷத்தில் அவள் செய்யாத ஒரே காரியம் சொன்னதை மாற்றுவதுதான்.

திங்கட்கிழமை முழுக்க வீதி வீதியாக அலைந்தேன். எல்லா வாசலிலும் ஒரே பேச்சு.

"சாருக்குப் பிள்ளைக உண்டுமா?"

"ரெண்டு."

"என்ன வயசு?"

சொன்னேன். சொன்னதும் அந்த வீட்டுக்காரருக்கு ஒரு மச்சினன் முளைத்துவிடுவான்; அவனுக்குத்தான் வீட்டைப் பேசி வைத்திருப்பதாக ஞாபகம் வந்துவிடும். ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார். "வெள்ளையடிச்சு ஒரு மாசம் ஆகல சார். உம்ம பையன் கையில கரித்துண்டு ஒண்ணு கிடைச்சாப் போதும்லா?" பிறகு இரக்கப்பட்டு, "சாவிக்கொத்து அண்ணாச்சியைப் போய்ப் பாருமே" என்றார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை அறிந்தவர் ஊரில் எவரும் இல்லை. கொழும்புக்கும் பம்பாய்க்கும் பிழைக்கப் போனவர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஐம்பத்தாறு சாவிகள். தயிர்ப்பானை வாயகலம் உள்ள ஓர் இரும்பு வளையத்தில் கோத்து, அதை மாலை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். அவர் வருவது மூன்று தெருவுக்கு முன்னால் கேட்கும். கோயில் யானை கூட ஒதுங்கும் என்று சொல்லிக்கொண்டார்கள்; நான் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன். இந்த வேலைக்கு அவர் யாரிடமும் ஒரு வெற்றிலை கூட வாங்கியதில்லை.

ஒரு சாவியிலும் சீட்டு இல்லை, அடையாளம் இல்லை. என் படிப்பு சும்மா இருக்குமா? "ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிக் கட்டிவிடலாமே?" என்றேன்.

"எழுதிக் கட்டினா எடுத்தவன் எல்லாம் தொறப்பான் வே. வரிசைதான் பூட்டு. எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடுன்னு இந்த மண்டையில இருக்கு." தலையைத் தட்டிக் காட்டினார். அந்த நேரம் என்னோடு வந்திருந்த ரகு வளையத்தைப் பிடித்துத் தொங்கினான். யாருக்கும் அசையாத மனிதர் பதறிப் போனார். "ஏலே மக்கா, மீசையை வேணும்னாலும் பிடிச்சு இழு. இதை மட்டும் தொடப்படாது. இது ஊரு வீடு." ரகு மீசையை இழுத்தான், கண் மட்டும் சாவியிலேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை முதல் வீடு. கதவைத் திறந்தார், வளையத்தைக் கழற்றி வைத்தார், வேஷ்டியை வரிந்து கட்டினார், தொபீரென்று நாலு காலில் இறங்கினார். கூடம், அறை, அடுப்படி எல்லாம் ஒரு சுற்று ஊர்ந்துவிட்டு வந்தார்.

"ஆகாது. அடுப்படிப் படியில தலைகீழா விழும். உம்ம பாப்பாவுக்கு முன்பல்லு மொளைக்கதுக்கு முன்னாலயே போயிரும்."

"நாங்கள் பார்த்துக்கொள்வோம், அண்ணாச்சி."

"நீரு பாப்பீரு. அஞ்சரை அடிக்கு மேலதான பாப்பீரு?"

இரண்டாவது வீட்டில் சுவரை நக்கினார். ஆமாம், நக்கினார். "சுண்ணாம்பு உரிஞ்சு வருது, ருசியாவும் இருக்கு. பையன் ஒரு மாசத்துல பாதிச் சுவரைத் தின்னுருவான்." மூன்றாவது வீட்டில் விசாலத்தைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டு, உள்ளறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து பச்சைக் குழந்தை மாதிரி வீறிட்டு அழுதார். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள். "கேட்டுச்சா தாயீ?" என்றார். காற்றில் கேட்கவில்லை என்றாள் விசாலம். அந்த வீடும் போயிற்று.

என் மனைவி அவரிடம் சிஷ்யையாகிவிட்டாள் என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை கடைசி வீடு. கொழும்புக்குப் போன ஒரு ஜவுளிக்காரருடையது. காற்று, வெளிச்சம், கைப்பிடிச் சுவர் உயர்ந்த கிணறு, நக்கினாலும் வராத சுவர். அண்ணாச்சி வீறிட்டார், கிணற்றடியில் கணீரென்று கேட்டது. நான் கையைத் தட்டிவிட்டேன். அவர் பின்கட்டுக் கதவுப் பக்கத்தில் இன்னும் நாலு காலில்தான் இருந்தார்.

"ரெண்டு கொறை. கதவுக்கு அடியில ரெண்டு விரக்கடை இடுக்கு இருக்கு, பூரான் வரும். அதைத் துணி வச்சு அடைச்சுரலாம். ஆனா தாழ்ப்பாளைப் பாரும். தரையில இருந்து ரெண்டரை அடி. உம்ம பையன் எத்தன அடி?"

"அண்ணாச்சி!"

"ராயகிரிக்கு வேலைக்குப் போன ஆசாரி நாலு நாள்ல வந்துருவான். ஏத்தி அடிச்ச பொறவு சாவி தாரேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு நாளில் என் குடும்பம் கும்பகோணத்தில் இருக்கும். நான் நாற்பது சங்கங்களை மேற்பார்வை பார்க்கிறவன். ஒரு தாழ்ப்பாளைச் சமாளிக்க எனக்குத் தெரியாதா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். வளையத்தைப் பிரித்து, சாவியைக் கழற்றி, வரிசை பிசகாமலிருக்க அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினார். "சங்கம் தாழ்ப்பாள் போடாது வே," என்று மட்டும் சொன்னார்.

விசாலத்துக்கு இன்னொரு தயக்கம். ஆடியில் யாராவது குடிபோவார்களா? அதற்கும் அவரே வழி சொன்னார். "குடிபோறது நீங்க இல்ல தாயீ, பாப்பா. பிள்ளைகளுக்கு ஏது ஆடி, ஆவணி? நீங்க ரெண்டு பேரும் சும்மா ஒத்தாசைக்குப் போறீக." கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து குழந்தைகள் நெற்றியில் இட்டு, பாப்பாவை முதலில் தவழவிட்டார். பின்னாலேயே அவரும் தவழ்ந்து வந்தார். நாங்கள் ஒத்தாசைக்கு நடந்து போனோம்.

செவ்வாய்க்கிழமை காலை. ஆசாரி வரவில்லை. நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் தரையில் வைத்த கும்மட்டி அடுப்பில் கரி கனிந்து பால் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு நாலு முழம் தள்ளிப் பாயில் பாப்பா தூங்கினாள். விசாலம் ஒரு குடம் தண்ணீருக்காக வெளியே வந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. 'டக்' என்று ஒரு சத்தம்.

ரகு தன் வாழ்நாளின் முதல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டான். வாசல் கதவை உள்ளிருந்து பூட்டியது நான்தான், பத்திரத்துக்காக.

"ரகு கண்ணா, தாழ்ப்பாளை இழு."

"மாட்டேன்."

பெப்பர்மிட்டு தருவதாகச் சொன்னேன். ரயில் வாங்கித் தருவதாகச் சொன்னேன். முதுகுத்தோலை உரிப்பதாகவும் சொன்னேன். உள்ளே கெக்கலித்துச் சிரித்தான். அப்பா ஈரத்துண்டோடு கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சுவதைவிட நல்ல விளையாட்டு அவனுக்கு அதுவரை கிடைத்ததில்லை. அடுத்த வீட்டுக்காரர் கடப்பாரையோடு சுவரேறி வந்தார். ஓங்கியவரை விசாலம் தடுத்தாள். "பையன் கதவோட ஒட்டி நிக்கறான்!"

அடுப்படி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தவள், அங்கிருந்து மெல்லச் சொன்னாள். "என்னங்க, பாப்பா முழிச்சுட்டா."

அவள் குரல் உயரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்போது மூன்று தெருவுக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து சாவிகள் ஒரு மனிதரோடு ஓடினால் என்ன சத்தம் வரும் என்பதை அன்றுதான் கேட்டேன். வந்தார், என்னைத் தள்ளினார், தரையோடு தரையாகப் படுத்தார். கதவிடுக்கில் அடைத்திருந்த துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கே வாயை வைத்தார்.

"ஏலே மக்கா. சாவி வேணுமா?"

உள்ளே சிரிப்பு நின்றது.

வளையத்தைப் பிரித்து ஒரு சாவியை உருவி இடுக்கு வழியே தள்ளினார். கல்தரையில் கிணுங்கிக்கொண்டு போயிற்று. இன்னொன்று. இன்னொன்று. "இது ரத வீதி வீடு... இந்தா, இது கொழும்புக்காரன் வீடு... இது டாக்டரு இருந்த வீடு." ஒவ்வொன்றும் உள்ளே விழ விழ ரகு பொறுக்கும் சத்தம் கேட்டது.

"பாப்பா அடுப்புப் பக்கம் திரும்பறா!" என்றாள் விசாலம்.

அண்ணாச்சி இரண்டு கையாலும் உருவித் தள்ளினார். பிடிபிடியாக. கணகணவென்று தரை முழுக்கச் சத்தம். விசாலம் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நின்னுட்டா... திரும்பறா... கதவுப் பக்கமா வரா!" என்றாள்.

கடைசியில் அவர் கையில் ஒரே ஒரு சாவி. பழைய ஜமீன் பங்களாவுடையது. ஒரு சாண் நீளம், உலக்கைப் பூண் மாதிரி தலை. இடுக்கில் வைத்தார், போகவில்லை. டக் டக் என்று தட்டிக் காட்டினார்.

"பெரிய சாவி, ராசா. எல்லாத்துலயும் பெருசு. நொழைய மாட்டேங்குது. நான் என்ன செய்ய? உனக்கு வேண்டாம்னா கொண்டு போயிருதேன்."

ஒரு விநாடி. 'டக்'.

நான் கதவில் பாயப் போனேன். படுத்த வாக்கிலேயே என் காலைப் பிடித்தார். "மெல்ல வே! பாப்பா கதவுக்குப் பின்னால இருக்கு." ஒரு விரல் அகலம் திறந்து, கையை உள்ளே விட்டு, பாப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டுத்தான் கதவைத் தள்ளினார். பாப்பாவின் வாயில் யாரோ ஒருவருடைய வீட்டுச் சாவி இருந்தது. பால் முழுக்கப் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.

விசாலம் குழந்தைகள் இரண்டையும் அணைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். அதன் பிறகுதான் நான் தரையைப் பார்த்தேன். குவியலாக, சிதறலாக, ஐம்பத்துச் சொச்சம் சாவிகள். நடுவில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். இருபது வருஷ வரிசை.

'எழுதி வைத்திருக்கலாமே' என்று சொல்ல வாய் திறந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அதை மூடிக்கொண்டேன்.

"போச்சா, அண்ணாச்சி?"

"ஊரு எங்க போயிரும்? பூட்டு எல்லாம் அங்கங்கனதான இருக்கு," என்று பொறுக்க ஆரம்பித்தார். ஆசாரிக்குக் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே தாழ்ப்பாளைப் பெயர்த்து, சுத்தியலும் கையுமாக நின்று, ஆறடி உயரத்தில் அவரே அடித்தார். அன்றிலிருந்து குள்ளமான என் மனைவி மணைப்பலகை போட்டு ஏறித்தான் கதவைத் தாழிட்டாள்.

தபசு வரை ஊர் முழுக்க அதே காட்சி. ஒவ்வொரு பூட்டிலும் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பார் அண்ணாச்சி. பாதிக் கொத்தைச் சுமந்துகொண்டு பின்னால் ஜூனியர் இன்ஸ்பெக்டர். திருவிழாவுக்கென்று கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் டிரங்குப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து வாசலிலேயே காத்திருந்தது.

"அண்ணாச்சி, எங்க வீடு எங்க?"

"இந்தக் கொத்துல எங்கனயோதான் இருக்கு வே. முப்பத்தோராவது போட்டாச்சு. செத்தப் பொறும்."

எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம், "கை தவறிப் போச்சு" என்றார். என் பெயரை எடுக்கவே இல்லை.

ஏழாவது மாதம் கிளம்ப வேண்டியவன், மூன்று வருஷம் அந்த ஊரில் இருந்தேன். நெசவாளர்கள் என் உதவி இல்லாமலே தேவலையாக இருந்தார்கள். மாற்றல் வந்தது. சாமான்களையும் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றிவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை நீட்டினேன். வளையத்தில் அந்தச் சிவப்பு நூல் இன்னும் இருந்தது. அவர் சாவியை அங்கே கோக்காமல் மடியில் செருகிக்கொண்டார்.

"அடுத்து யார் வருகிறார்கள், அண்ணாச்சி?"

"இப்பைக்கு யாருக்கும் விடுததா இல்ல வே. கொஞ்ச நாள் போகட்டும்."

"ஏன்?"

வண்டிப் பக்கம் திரும்பாமல் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். "தாழ்ப்பாளை ஏத்தி அடிக்கணும்லா," என்றார்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினேன். அதை அவரே தம் கையால் ஏற்றி அடித்து அன்றைக்கு மூன்று வருஷம்.