ஏழாம் பெட்டிக்குப் புது ராணி

"அது என் சட்டை மாதிரி இருக்கே?" என்றார் பெரிய மாப்பிள்ளை.

"உங்களுதுதாண்ணே. தேனீக்குக் கறுப்புப் பிடிக்காதாமே, என்கிட்ட வெள்ளைச் சட்டை இல்லை. அத்தைதான் எடுத்துக் குடுத்தாங்க" என்றான் சின்ன மாப்பிள்ளை.

"தோய்ச்சதா?"

"இல்லை, கொடியில நேத்து நீங்க கழட்டிப் போட்டது. கொஞ்சம் வேர்வை வாசம். பரவாயில்லை."

பரவாயில்லையாம்! மாமனாரின் தேன் பண்ணையில் முப்பது பெட்டிகள். மாமனாருக்கு அடுத்தபடியாக அவற்றைத் திறக்கும் உரிமை, கல்யாணமான நாளிலிருந்து பெரிய மாப்பிள்ளைக்கு மட்டும்தான். போன மாதம் இளைய மகளைக் கட்டிக்கொண்ட இந்தச் சின்ன மாப்பிள்ளை, "நானும் பண்ணையிலேயே இருந்துடறேன் மாமா" என்று வேலையை விட்டுவிட்டு வந்து இறங்கினான். முதலில் சாப்பாட்டு மேசையில் ஜன்னலோர நாற்காலி போனது. பிறகு அவர் காபி குடிக்கும் நீலக் கோப்பை. இன்றைக்குச் சட்டை. நாளைக்குப் பெட்டிகள்.

மாமனார் உள்ளங்கையில் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். "ஏழாம் பெட்டியில ராணி செத்துப்போச்சு. புதுசு வந்திருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து வைங்க."

"ரெண்டு பேரா? இதுக்கு ஒரு ஆளே அதிகம், மாமா."

"சின்னவரும் தெரிஞ்சுக்கட்டுமே" என்று சொல்லிவிட்டு, அவர் தள்ளிப் போய் மர நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

தீப்பெட்டி அளவுக்கு ஒரு மரக்கூண்டு. ஒரு பக்கம் கம்பிவலை. உள்ளே, மற்றத் தேனீக்களைவிட வயிறு நீண்ட ராணி, முதுகில் ஒரு சொட்டு நீலச் சாயத்தோடு நடந்துகொண்டிருந்தது. கூண்டின் ஓரத்தில் ஒரு துளை. அதைக் கெட்டியான சர்க்கரைப் பசை அடைத்திருந்தது.

"நேரா உள்ள விட்டுட்டா என்னண்ணே?"

பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு பலவீனம் உண்டு. கேள்வி கேட்பவன் எதிரியே ஆனாலும் விளக்காமல் இருக்க முடியாது.

"உள்ள இருக்கிற தேனீங்க கொன்னுடும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வாசனை உண்டு. அது இல்லாம யார் உள்ள வந்தாலும் எதிரிதான். அதான் கூண்டோட வைக்கிறோம். கடிக்கணும்னு வந்தாலும் வலை தடுக்கும். வலை வழியா மோந்து மோந்து வாசனை ஒண்ணாயிடும். அந்தச் சர்க்கரையைத் தின்னு தின்னு வழி திறக்கிறதுக்குள்ள கோவம் போயிடும்."

"போயிடுச்சான்னு எப்படித் தெரியும்?"

"வலையைப் பார்த்தா தெரியும். வலையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுக் கடிச்சா, கோவம் தீரலை. திறக்கக் கூடாது. நாக்கை நீட்டி ஊட்டுதுன்னா சேர்த்துக்கிச்சுன்னு அர்த்தம். தாராளமாத் திறக்கலாம்."

"என்னா அழகா சொல்றீங்கண்ணே!"

ஒரு நொடி மனம் குளிர்ந்தது. உடனே சட்டை கண்ணில் பட்டது. "புகைப்பானைப் பிடி" என்றார் விறைப்பாக.

சின்ன மாப்பிள்ளை ஏழாம் பெட்டியின் வாயில் இரண்டே தடவை புகையை மெல்ல ஊதினான். தேனீக்கள் முணுமுணுத்துவிட்டு அடங்கின.

"சின்னவருக்குக் கை லேசு!" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

அவ்வளவுதான். பெரிய மாப்பிள்ளை கையுறைகளைக் கழற்றி வீசினார். கூண்டைப் பெட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, தேனடை தொங்கும் நடுச் சட்டத்தை வெறுங்கையால் உருவினார். அவசரத்தில் ஒரு தேனீ விரலடியில் நசுங்கியது; சாகும்போது கொட்டிவிட்டே செத்தது. கொட்டிய இடத்திலிருந்து கனிந்த வாழைப்பழ வாசனை கிளம்பும். தேனீ மொழியில் அதற்கு 'இங்கேதான், எல்லாரும் வாங்க' என்று பொருள். வந்தன.

"அண்ணே, புகை போடட்டுமா?"

"எனக்குத் தெரியும். குடு இப்படி!"

புகைப்பானைப் பிடுங்கி, அதன் துருத்தியை வெறியோடு அமுக்கினார். மெல்லிய புகை தேனீயை அடக்கும். சூடான புகை கிளப்பிவிடும். நெருப்புப் பொறியோடு வந்த புகையில் பெட்டியே கொதித்தது. அவர் துள்ளியதில் சட்டம் விழுந்தது; சட்டம் தட்டிக் கூண்டு விழுந்தது. கூண்டைத் தேடப் புல்லில் மண்டியிட்டார். கால்சட்டை வழியாக மேலே ஏறிய தேனீக்கள், எங்கே கொட்டக்கூடாதோ அங்கே கொட்டின.

"ஓடுங்கண்ணே!"

சின்ன மாப்பிள்ளை தோளைப் பிடித்து இழுத்தான். இருவரும் தேனடை வைக்கும் அறைக்குள் பாய்ந்தார்கள். காற்று வரலாம், தேனுக்குத் தேனீ வரக்கூடாது என்பதால் அந்த அறைக் கதவு முழுக்கக் கம்பிவலை. எங்கிருந்தோ வந்த மாமியார் வெளியே தாழ் போட்டார்.

"எல்லாம் அடங்கட்டும். உள்ளேயே இருங்க."

அடங்கியது. கதவு திறக்கவில்லை.

"தாழ் சிக்கிக்கிச்சு மாப்பிள்ளை. மாமா எண்ணெய் தேடறார்."

பெரிய மாப்பிள்ளை வலையைப் பிடித்து உலுக்கினார். பல்லை நறநறவென்று கடித்தார். "எல்லாம் உன்னாலதான்! நீ வர்றவரைக்கும் ஒரு தேனீ என்னை முறைச்சது இல்லை!"

சின்னவன் மூலையில் உட்கார்ந்தான். கதவின் அடி இடுக்கில் ரொட்டியும் தேனுமாக ஒரு தட்டு நுழைந்தது.

"ஒரே தட்டா அத்தை?"

"இடுக்குல அதுதான் நுழையுது."

பெரியவரின் கோபம் மெல்லப் பயமாக இறங்கியது. "ராணி போச்சு. பெட்டியும் போச்சு. இனி மாமா என்னை எந்தப் பெட்டியையும் தொட விடமாட்டார்."

"ராணி எங்கயும் போகலை" என்று சட்டைப் பையிலிருந்து சின்னவன் கூண்டை எடுத்தான். நீலப் பொட்டு உள்ளே நடந்துகொண்டிருந்தது. "புல்லுல கிடந்தது. நீங்களே எடுத்ததாச் சொல்லிடுங்க. உங்க சட்டைப் பைதானே?"

அப்போதுதான் பெரியவர் அவன் கைகளைப் பார்த்தார். இரண்டும் பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தன. விரல் மடங்கவில்லை.

"அடப்பாவி, வெறுங்கையாலயா எடுத்தே? கொடுக்கைக் கிள்ளி எடுக்காதே, விஷம் உள்ள இறங்கும். காட்டு." நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். "வலிக்குதா?"

"பசிக்குதுண்ணே. கைதான் மடங்கலை."

பெரிய மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார். தன் சட்டையைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டு, ரொட்டியைப் பிய்த்துத் தேனில் தோய்த்தார். "வாயைத் திற. சிந்தாதே, சட்டை என்னுது."

அப்போது வலைக்கு வெளியே மாமியாரின் குரல் தணிந்து கேட்டது:

"தாழை எடுத்துடலாங்க. பெரியவர் கடிக்கிறதை விட்டுட்டார், ஊட்ட ஆரம்பிச்சாச்சு."