ஏழாவது ஆளும் எட்டு நாள் தண்ணீரும்

திண்டுக்கல்,
ஆனி 3, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை முத்துக்கிருஷ்ணனுக்கு,

கருப்பணன் எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்கா சிவனம்மாள், நான், மகன் பிரபு, மருமகள் பானுப்ரியா, பேரப்பிள்ளைகள் இருவர், ஆக ஆறு பேரும் சுகம். கீரனூரில் நீங்கள் எல்லோரும், மாடு கன்று உட்பட, அப்படியே இருக்க வேண்டும். செல்பேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். பேசினால், நான் முதல் எடுத்துக்காட்டுக்கு வருவதற்குள் நீ "சரிங்க மச்சான், மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் அப்படி எழுந்து ஓடாது.

உன் மகள் ஜீவிதாவுக்கு இங்கே கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, விடுதியில்தான் இடமில்லை, மூன்று வருடம் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கலாமா, இல்லாவிட்டால் படிப்பை விடவேண்டியதுதான் என்று சொல்லியிருந்தாய். முப்பத்து நான்கு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் ஒரு பெண்ணின் படிப்பு விஷயத்தில் உத்தேசமாகப் பதில் சொல்லலாமா? இந்தப் பூமி எத்தனை பேரைத் தாங்கும் என்று ஒன்பதாம் வகுப்பில் வருடாவருடம் கேட்பேன். பிள்ளைகள் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். எனக்கும் விடை தெரியாது. இப்போது எண்ணூறு கோடியைத் தாண்டிவிட்டோம், இன்னும் தெரியவில்லை. அதே கேள்வியை நம் வீட்டளவுக்குச் சுருக்கிப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்ததே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

பழனி பஸ்ஸை எடுத்துக்கொள். ஐம்பத்தைந்து பேர் உட்காரலாம். தைப்பூசத்துக்கு நூற்றிருபது பேர் ஏறினாலும் போகத்தான் செய்கிறது; எத்தனை நாள் போகும் என்பதை டயரிடம் கேட்க வேண்டும். ஆனால் ஒட்டன்சத்திரத்தில் ஒரே ஒருவர் ஏறுகிறார், அவரோடு முட்டைக்கோஸ் மூட்டை நான்கு ஏறுகிறது. அங்கே இடத்தை அடைப்பது ஆளா, மூட்டையா? ஆகவே தலையை மட்டும் எண்ணக் கூடாது, ஆளுக்கு எவ்வளவு செலவாகிறது என்றும் பார்க்க வேண்டும்.

எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வருவது எட்டு நாளைக்கு ஒருமுறை. தரைத்தொட்டியும் வீட்டிலுள்ள பாத்திரங்களும் சேர்த்து இருநூற்றெண்பது குடம் பிடிக்கும். யார் எத்தனை குடம் செலவழிக்கிறார்கள் என்று அறிய, ஒரு நோட்டும் நாற்காலியுமாகக் குளியலறைக்கு வெளியே உட்கார்ந்தேன். முதல் நாளே பானுப்ரியா, "மாமா, நீங்க வாசல்ல போயி பேப்பர் படிச்சாத்தான் நான் குளிக்கப் போவேன்" என்று துண்டோடு நின்றுவிட்டாள். பிரபு வந்து, "அப்பா, உள்ள போறவகள எல்லாம் குறிச்சு வைக்க இது என்ன ஓட்டுச்சாவடியா? அடுத்து விரல்ல மை வைப்பீகளா?" என்று கேட்டான். பேரன் அன்று குளிக்கவே இல்லை, செலவைக் குறைக்கிறானாம். உன் அக்கா மட்டும் தடுக்காமல், "அளங்க, அளங்க, நல்லா அளந்து தம்பிக்கு எழுதுங்க" என்று சிரித்தாள். நாற்காலியை முற்றத்துக்கு மாற்றி எப்படியோ அளந்து முடித்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து குடம். ஆறு பேருக்கு எட்டு நாளில் இருநூற்று நாற்பது.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. மிச்சம் நாற்பது குடம் இருக்க வேண்டுமல்லவா? எட்டாம் நாள் குழாய் திறக்கும்போது பார்த்தால் வீட்டில் ஒரு சொட்டு இல்லை! தொட்டியில் விரிசலோ என்று, என்னிடம் படித்த குழாய் ரிப்பேர்க்காரன் கிளெமென்ட்டை வரவழைத்தேன். அவன் முற்றத்தில் மூன்று இடத்தில் தோண்டி, பானுப்ரியாவின் மல்லிகைச் செடியையும் சாய்த்துவிட்டு, "சார், பைப்பு நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் செத்த நேரம் நிழல்ல உக்காருங்க" என்றான். பிறகு பக்கத்து வீட்டின் மேல் சந்தேகப்பட்டு, அவர்கள் மோட்டார் போடும் நேரத்தை எல்லாம் குறித்தேன். அவர்கள் மதிலை உயர்த்திவிட்டார்கள்.

கடைசியில் உன் அக்காதான் வாய் திறந்தாள். "ஏனுங்க, தண்ணி வர்ற அன்னிக்கு விடியால எந்திரிச்சு, பழைய தண்ணி, புழு வைக்கும்னு ரெண்டு டிரம்மு, அண்டா, பதினாலு குடம், அத்தனையும் வாழைக்குக் கவுத்து விடுறது ஆருங்க? பக்கத்து வீட்டுக்காரரா?"

மாப்பிள்ளை, நானேதான். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்: புதுத் தண்ணீர் வருகிறதென்றால் பழையதைக் கொட்டிவிட வேண்டும். மூடி வைத்த நல்ல தண்ணீர் அது, கூட்டிப் பார்த்தால் நாற்பது குடம். நான் அதைச் செலவு என்று நினைத்ததே இல்லை, சுத்தம் என்று நினைத்திருந்தேன். இப்போது பார், ஒருவருக்கு எட்டு நாளைக்கு வேண்டியதும் அதே நாற்பது குடம். இத்தனை வருடமும் ஏழாவதாக ஓர் ஆளுக்குரிய தண்ணீரை நான் வாழைக்கு ஊற்றியிருக்கிறேன். வாழை ஒரு தார்கூட ஒழுங்காகப் போடவில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன்: இந்த வீடு ஏழு பேரைத் தாங்கும். ஏழுக்கு மேல் ஒருவரைக்கூடத் தாங்காது, அறிவியல்படி வழியில்லை. ஜீவிதாவைத் தாராளமாக அனுப்பி வை.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும், சிறியவர்களுக்கு ஆசியும், உன் கிணற்றுக்கு நல்ல ஊற்றும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்,
கருப்பணன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜீவிதா இறங்கினாள். "அத்தை வரச் சொல்லிப் பத்து நாளாச்சுங்களே மாமா, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்கிறாள். உனக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது! அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண்ணும் பெட்டியோடு இறங்கினாள். பெயர் ஜெஸ்ஸியாம், அதே வகுப்பாம், அவளுக்கும் விடுதி கிடைக்கவில்லையாம். நான் நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, "எட்டு ஆகிவிட்டது, முதலிலிருந்து அளக்க வேண்டும்" என்றேன். உன் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு டம்ளர் அரிசி கூடப் போட்டாச்சுங்க. குக்கருக்குக் குறுக்க நிக்காம நகருங்க" என்றாள்.