சீமை வாளி

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மணவாளன் மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்தபோது மனைவி அம்சா சொன்னாள்.

"ஜவுளிக் கடை துளசிங்கம் புது வாளி வாங்கிகினு போறாரு. அவங்க நைனா காலாண்ட வைக்கவாம்."

 மணவாளன் கைகூடக் கழுவாமல் ஓடினார்.

அன்று காலையில்தான் துளசிங்கம் ஓர் இங்கிலீஷ் கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி அவரிடம் வந்திருந்தார். பட்டணத்துக் கம்பெனி மானேஜர் துரை வாளியை உதைத்துவிட்டார் என்று அதில் இருந்தது.

"செத்துட்டாருன்னு அர்த்தம்," என்றார் மணவாளன்.

"சாவுக்கும் வாளிக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

இங்கிலீஷில் அப்படிச் சொல்வது வழக்கம், காரணம் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். திருத்தணிக்கே தந்தி படித்துச் சொல்லும் மனிதருக்கு அது எப்படி வாயில் வரும்?

"சீமையில உயிர் இழுத்துகினு கிடந்தா காலாண்ட வாளி வைப்பாங்க. ஒரே உதை, போயிடும்," என்று அளந்துவிட்டார்.

துளசிங்கத்தின் அப்பா பரசுராமன் பத்து நாளாக ஜுரத்தில் பேச்சு நின்று கிடப்பது அந்த நேரம் பார்த்து மணவாளனுக்கு மறந்துபோனது. கடைசி ஆசை என்னவோ என்று அந்த வீட்டில் வேளைக்கு வேளை பால் ஊற்றினார்கள். சொந்த நிலத்து மண்ணைக் கரைத்துக் கொடுத்தார்கள். உயிர் போகவில்லை. கிழவரின் கை மட்டும் தலைக்கு மேல் போய்ப் போய் விழுந்தது.

"மலை முருகனைக் கும்பிடறாரு," என்று அழுதாள் அவர் மனைவி ஞானம்மாள்.

மணவாளன் மூச்சிரைக்கப் போய் நின்றபோது வாளி கட்டிலருகே தயாராக இருந்தது. நான் சொன்னது பொய் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"காலி வாளி ஆவாதுங்க. ரொம்பத் தண்ணி வேணும்," என்றார். நிறைந்த வாளியை நோயாளியின் கால் அசைக்காது என்ற நம்பிக்கைதான்.

நிரப்பினார்கள்.

"காலு எட்டலியே," என்றாள் ஞானம்மாள்.

"எட்டலன்னா விட்டுடுங்கம்மா."

துளசிங்கம் வாளியைத் தூக்கிக் கட்டில்மேலேயே வைத்துவிட்டார்.

கிழவர் கண் திறந்து தண்ணீரைப் பார்த்தார். கால் நடுங்கி எழுந்தது. ஓர் உதை. குழி விழுந்த கயிற்றுக் கட்டிலில் தண்ணீர் கழுத்துவரை பாய்ந்தது. கிழவர் அசைவில்லாமல் கிடந்தார்.

ஞானம்மாள் ஒப்பாரியைத் தொடங்கினாள்.  தூக்குமேடைதான் என்று மணவாளன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கிழவரின் கை மறுபடி தலைக்கு மேல் போனது. இந்தத் தடவை குரலும் வந்தது.

"தலைக்கு ஒரு வாளி ஊத்துடா. பத்து நாளா குளிக்கணும்னு சைகை காட்டறேன், பாலையே ஊத்திகினு இருக்கீங்க."