பூந்திக்கொட்டை நுரையில் நேர்ந்த அபசாரம்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
கார்த்திகை 9

மாயவரம் சம்பந்தி ஸ்ரீ மகாலிங்கம் அவர்களுக்கு, சுந்தரராமன் அநேக நமஸ்காரம். இவ்விடம் பின்கட்டுத் தரையைத் தவிர மற்ற எல்லோரும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் இடுப்பின் க்ஷேமத்தை அறிய ஆவல். நாலு தடவை ஃபோன் செய்தும் தாங்கள் எடுக்காததால் இந்தக் கடிதம்.

தங்கள் பிள்ளை சுமந்துக்கு என் மகள் மீராவை நிச்சயம் செய்தபின் தாங்கள் முதல்முறை வந்து தங்கிய வீடு இது. வந்த அன்றே சகுனம் சரியில்லை. மரியாதை என்று நினைத்து என் சம்சாரம் லலிதாம்பாள் காப்பியைத் தூக்கித் தூக்கி ஆற்றினாள். தாங்கள் டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, "நுரை பேஷா இருக்கு, காப்பி அடியில எங்கேயாவது இருக்குமோ?" என்றீர்கள். படுக்க ஃபோம் மெத்தை கொடுத்தோம். காலையில் தங்களை அதிலிருந்து எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. அப்போதே நான் நுரை சம்பந்தப்பட்ட எதையும் தொடாமல் இருந்திருக்க வேண்டும்.

சோப்பில் கொழுப்பு கலந்திருக்கும், பத்மநாபனைச் சேவிக்கப் போகிற வேஷ்டியைப் பூந்திக்கொட்டையில்தான் துவைக்க வேண்டும் என்றீர்கள். லலிதாவுக்கு முட்டிவலி. அதனால் நானே ஆரியசாலைக் கடைத்தெருவில் பூந்திக்கொட்டைத் தூள் வாங்கிவந்து, யாருக்கும் சொல்லாமல், தங்கள் வேஷ்டிகள் இரண்டையும் வாஷிங் மெஷினில் போட்டு, சம்பந்தி வேஷ்டியாயிற்றே, குறை வைக்கக்கூடாது என்று நாலு கரண்டி தூளைக் கொட்டினேன், பத்தே நிமிஷத்தில் நுரை மெஷினுக்கு வெளியே எட்டிப் பார்த்து, தரையில் இறங்கி, முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்க, நான் நிறுத்துகிற பொத்தான் என்று எதையோ அழுத்த, அது இன்னும் வேகமாகச் சுற்ற, அந்த நேரம் பார்த்துத் தாங்கள் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்து கால் வைத்தீர்கள்.

விழுந்த கோலத்தை மறக்கத்தான் பார்க்கிறேன். வலது கையை நீட்டி, கண்ணை மூடி, சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பாற்கடல். கோவிலில் பத்மநாபனை மூன்று வாசல் வழியாகச் சேவிப்பதுபோல, எங்கள் பின்கட்டுக்கும் மூன்று வாசல் வைத்துக் கட்டியவனைச் சொல்லவேண்டும். அடுக்களை வாசலில் நின்ற லலிதாவுக்குத் தங்கள் சிரசும், நடு வாசலில் எனக்குத் தொப்புளும், கொல்லை வாசலில் பக்கத்து வீட்டு ஹரிகுமாருக்குப் பாதமும் தெரிந்தன. தினமும் கோவிலுக்குப் போகிறவர், பழக்கதோஷத்தில் கைகூப்பிவிட்டார். "எந்தா சாமீ, இவிடெயும் நடை துறந்நோ?" என்று, இங்கேயும் நடை திறந்தாயிற்றா என்ற பொருளில், கேட்டுவிட்டுச் சிரித்தார். மீராவும் சிரித்துவிட்டாள்.

"பெரியவாளைப் பார்த்துச் சிரிக்கிறதுதான் இந்தாத்து வளர்ப்போ?" என்றீர்கள். நான் உடனே மீராவை நமஸ்காரம் பண்ணி மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். ஆபீஸுக்கு உடுத்திய உடையோடு அந்த நுரையிலேயே விழுந்து கேட்டாள்.

வேஷ்டிகளோடு பூட்டிக்கொண்ட மெஷின் கதவைத் திறக்க மெக்கானிக் பிபின் வந்து சேர்ந்தபோது கோவில் நடை சாத்தியாயிற்று. என் வேஷ்டியைக் கொடுத்தேன், மடியில்லை என்றீர்கள். பேண்ட்டோடு உள்ளே விடமாட்டார்கள். அவ்வளவு தூரம் வந்து, நாலு தெரு தள்ளித் தங்கியிருந்தும், தரிசனம் இல்லாமல் மத்தியான ரயிலேறினீர்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்டேஷனில், "தை முகூர்த்தத்தைப் பத்தி யோசிக்கணும்" என்றீர்கள். தயவுசெய்து யோசிக்காதீர்கள். தவறு முழுக்க என்னுடையது. கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், காலைப் பிடித்துக் கேட்கிறேன். மீராவும் மூன்று நாளாக யாரோடும் பேசவில்லை. தங்களுக்கு நேர்ந்ததை எண்ணித்தான் இருக்கும்.

மாமிக்கு எங்கள் நமஸ்காரம். சுமந்துக்கு ஆசீர்வாதம். வேஷ்டிகள் கஞ்சி போட்டு, பார்சலில் தனியே வருகின்றன.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
சுந்தரராமன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மீராவிடம் படிக்கக் கொடுத்தேன். "தூளைக் கொட்டினது நீங்க. ஹரிகுமார் சேட்டனும்தான் சிரிச்சார். கால்ல விழுந்தது மட்டும் நான் ஏம்ப்பா?" என்றாள். "கல்யாணத்தை நிறுத்தாதீங்கோன்னு அவர்கிட்டக் கெஞ்சறேளே, எனக்கு இன்னும் இஷ்டமான்னு ஒரு வார்த்தை கேட்டேளா?" என்றாள். கேட்கவில்லை. இத்தனை மன்னிப்பு எழுதியிருக்கிறேன், ஒன்றுகூட அவளுக்கு இல்லை. ஆகையால் முகூர்த்தம் பற்றி மேலே கெஞ்சியதை எழுதாததாகப் பாவிக்கவும். அவளுக்கு இஷ்டமா என்று இப்போது கேட்டுவிட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். தங்களுக்கு ஏதாவது பேசவேண்டுமானால் அவளிடமே பேசுங்கள், சாயங்காலம் ஆறரைக்கு வந்துவிடுவாள். பேசுமுன் அவள் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். நான் இருபத்தாறு வருஷமாகக் கேட்டதில்லை.