எஞ்சினுக்கு ஒரு பர்மிட்

பம்பாய் நகரில் மதுவிலக்கு ஓங்கி வளர்ந்ததற்கு அரசாங்கம் காரணம் என்கிறார்கள் சிலர். போலீஸ் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு. தாராவியில் பிறந்த ஓர் அறுநூறு சி.சி. எஞ்சின்தான் காரணம். சரித்திர ஆசிரியர்கள் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறேன்.

நான் மாதுங்கா மதுவிலக்கு மறுமலர்ச்சி சபையின் காரியதரிசி. பகலில் ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஹெட்கிளார்க். தலைவர் வேங்கடசுப்ரமணியன் ரயில்வேயில் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்தோடு சேர்ந்து உடம்பும் வளர்ந்தது. உத்தியோகம் போன பிறகு உடம்பு மட்டும் தங்கிவிட்டது. பொருளாளர் தனசீலன் செம்பூரில் மரக்கடை வைத்திருப்பவர். நாங்கள் மூவரும்தான் நிர்வாகக் குழு. மற்ற உறுப்பினர்கள் டிபன் உண்டு என்று தெரிந்தால் வருவார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷம் சபை ஒரு ‘பிரசார ரதம்’ வாங்கியது. ராணுவத்தில் சேவை செய்து களைத்துப்போன முன்னூற்றைம்பது சி.சி. மோட்டார் சைக்கிள், பக்கத்தில் ஒரு சைட்கார், அதில் ஒரு மைக் செட். தலைவர் சைட்காரில் அமர்ந்து மதுவின் தீமைகளை விளக்குவார். வண்டியை ஓட்டுவது சேசுராஜ். தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிச் சீமைக்காரன், மில்லில் ஃபிட்டர், வயது முப்பது. பீடிகூடப் பிடிக்க மாட்டான். டீயையே இரண்டாவது தடவை கேட்க வெட்கப்படுவான். இப்படி ஒருவன் எங்கள் சபைக்குக் கிடைத்ததில் எங்களுக்கே ஆச்சரியம்.

முதல் பவனியிலேயே ரதம் தாதர் திலக் பாலத்தின் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. “இந்த நாட்டை முன்னேற விடாமல் தடுப்பது எது?” என்று தலைவர் மைக்கில் கேட்டுக்கொண்டிருந்தபோது வண்டி பின்னோக்கி உருள ஆரம்பித்தது. அந்தக் கேள்விக்கு நடைபாதையில் நின்ற ஒருவன் மராத்தியில் பதில் சொன்னான். அதை நாங்கள் நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

அவசரக் கூட்டம் கூடியது. இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, தலைவரைக் குறைப்பது. மற்றது, எஞ்சினைப் பெருக்குவது. முதல் யோசனையை வழிமொழிய ஆள் கிடைக்கவில்லை. எனவே வண்டியைத் தாராவியில் ஜெயினுலாப்தீன் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவர் வண்டியைப் பார்த்தார், பிறகு தலைவரைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

“சிலிண்டரப் பெருசாக்கணும் சார். எஞ்சின் வாயை லேத்துல அகட்டிருவோம். தேவ்நார்ல ஒரு செத்த லாரியோட பிஸ்டன் கிடக்கு. அத இறக்கிட்டா ஏக்தம் யானை மாரி இழுக்கும்.”

“சாலையில் ஓட்டுவதற்கு அது தகுந்ததுதானா?” என்று நான் ஆபீஸ் வழக்கப்படி கேட்டேன்.

“சாலை அதுக்குத் தகுந்ததான்னு கேளுங்க.”

வேலை நடந்தது. புதிய சிலிண்டர் வார்க்கப்பட்டது, கடையப்பட்டது, பொருந்தவில்லை என்று திட்டப்பட்டது, மறுபடி கடையப்பட்டது. லாரி பிஸ்டன் அதற்குள் இறங்கிய நாளில் நாங்கள் தேங்காய் உடைத்தோம். கிக்கரை உதைத்து எஞ்சினுக்கு உயிர் கொடுக்கும் கௌரவம் பொருளாளருக்கு அளிக்கப்பட்டது. தனசீலன் எஞ்சினை உதைத்தார். எஞ்சின் தனசீலனை உதைத்தது. அடுத்த பட்டறையின் தோல் குவியலில் போய் விழுந்தவர், அங்கே படுத்தபடியே, “நல்ல பலம் இருக்கு,” என்று அறிக்கை கொடுத்தார்.

பலம் இருந்தது, கூடவே ஒரு தட்டலும் இருந்தது. வண்டி ஓடினால் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம். எஞ்சினுக்குள் அழுத்தம் கூடிவிட்டது, சாதாரணப் பெட்ரோல் அதைத் தாங்கவில்லை என்றார் ஜெயினுலாப்தீன். அப்போதுதான் தனசீலன் ஃபவுண்டன் பக்கத்து நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய சீமைப் பத்திரிகை ஒன்றை விரித்தார்.

“சீமையில பந்தய எஞ்சினெல்லாம் பெட்ரோல் குடிக்காது. ஆல்கஹால்தான் குடிக்கும். அழுத்தம் கூடின எஞ்சினுக்கு அதுதான் ஒத்துக்கிடும்னு போட்டிருக்கு.”

தலைவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“ஆல்கஹால்னா எது ஓய்? ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டா?”

“அது அரிச்சுப்புடும். நல்ல சரக்கா இருக்கணும். சீமைச் சரக்கு.”

அதுவும் பத்திரிகையில் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. மதுவை மனிதனின் வயிற்றுக்குள் போகவிடாமல் எஞ்சினுக்குள் எரித்தே ஒழிப்பது என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அந்நாளில் பம்பாயில் பர்மிட் இல்லாமல் ஒரு சொட்டு வாங்க முடியாது. மது இல்லாவிட்டால் இவர் உடல்நலம் கெடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பர்மிட். எஞ்சினுக்கு அதைத் தர அதிகாரிகள் மறுத்தார்கள். மதுவிலக்கு சபையின் நிர்வாகிகள் தங்கள் பெயரில் கேட்பது அழகல்ல. எனவே தியாகம் செய்யும் வாய்ப்பைச் சேசுராஜுக்கு விட்டுக்கொடுத்தோம். தலைவரின் நண்பரான டாக்டர் அவன் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

“எத்தனை வருஷமாக் குடிக்கிறே?”

“குடிச்சதே இல்ல டாக்டர்.”

“பாத்தேளா, அதான் உடம்பு இப்படி இருக்கு,” என்று எங்களிடம் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். பர்மிட்டுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்க வேண்டுமாம். டாக்டர் தாராள மனசுக்காரர், நாற்பத்திரண்டாகவே போட்டுவிட்டார்.

சேசுராஜ் மாதந்தோறும் தாதர் பர்மிட் கடையில் கியூவில் நின்று புட்டிகளை வாங்கி வந்தான். துவக்க விழாவுக்காக அவை தலைவர் வீட்டு அலமாரியில் சேமிக்கப்பட்டன. கெட்டுப்போன சரக்கு எஞ்சினுக்குள் போய்விட்டால் யார் பதில் சொல்வது? ஆகவே நிர்வாகக் குழு வாரந்தோறும் ‘தரப் பரிசோதனை’ நடத்தியது. அந்தக் கூட்டங்களில் காணப்பட்ட ஒற்றுமையை நான் வேறெந்தச் சபையிலும் கண்டதில்லை. ஒருமுறை தலைவர் நாட்டை நினைத்து அழுதார். தனசீலன் அவரைத் தேற்றப் பாடினார். நான் இரண்டையும் குறித்துக்கொள்ள முயன்றேன். மறுநாள் என் கையெழுத்து எனக்கே புரியவில்லை.

ஜெயினுலாப்தீனுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை.

“சாராயம் குடிக்கிற எஞ்சின் என் பட்டறையில நிக்கப்படாது சார். ஹராம்.” ஒரே வாரத்தில் சிலிண்டருக்கு அடியில் கனத்த தகடு ஒன்றைக் கொடுத்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டார். “இனி பம்புல ஊத்துற பெட்ரோலே போதும். தட்டல் கலாஸ்.”

இந்தச் செய்தியைத் தலைவரிடம் சொன்னேன். அவர் வெகு நேரம் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத வெளியில விட வேண்டாம் ஓய். ஆராய்ச்சி பாதியில நின்னுடும்.”

நானும் மறந்துவிட்டேன். பொதுவாழ்வில் சில மறதிகள் அவசியம். வண்டி பெட்ரோலிலேயே நன்றாக ஓடுகிறதே என்று சேசுராஜ் கேட்டான். வெறும் சைட்கார் என்றால் ஓடும், தலைவர் உட்கார்ந்தால் விஷயமே வேறு என்று விளக்கினேன். தலைவரைப் பலமுறை தள்ளியவன் ஆகையால் உடனே நம்பினான்.

சேசுராஜுக்கும் ரோஸி என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாராவி மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டாகிவிட்டது. மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் மாலைதான் பாக்கி. ரோஸியின் தாயார் லூசியம்மாள் புருஷனைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவள். குடிவாடை அடிக்கிறவனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லி, தாராவி முழுக்க மோந்து பார்த்து எடுத்த மாப்பிள்ளைதான் சேசுராஜ். அந்த லூசியம்மாள் பஸ்ஸில் போகும்போது பர்மிட் கடைக் கியூவில் அவனைக் கண்டாள். அங்கேயே இறங்கினாள்.

“எனக்கில்ல அத்தை. வண்டிக்கு.”

“எங்க வீட்டுக்காரரு கூட்டாளிக்குன்னு சொல்லுவாரு. பல்லு வலிக்குன்னு சொல்லுவாரு. வண்டி குடிக்குன்னு சொன்னவன் நீதாம்ல மொத ஆளு.”

மூன்றாவது ஓலை நின்றுவிடும் போலிருந்தது. சேசுராஜ் ஓடி வந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

“சார், நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க சார். ரோஸி சாப்பிடாமக் கிடக்கா.”

எனக்கு மனசு இளகிவிட்டது, உண்மையாகவே இளகியது. ஆனால் புட்டிகள் எங்கே என்று லூசியம்மாள் கேட்டால்? ஆகவே குடியினால் அழிந்த குடும்பங்களைப் பற்றிச் சபை வெளியிட்ட துண்டுப் பிரசுரம் ஒன்றை ஆறுதலாகக் கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி, திலக் பாலத்தின் அடிவாரத்தில் துவக்க விழா. தலைவர் ரோஜா மாலையோடு சைட்காரில் நிறைந்திருந்தார். எஞ்சினுக்கு முதல் புட்டியை ஊற்றும் சடங்குக்காக மேஜையில் ஒரு புட்டி வைக்கப்பட்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு லூசியம்மாளும் ரோஸியும் வந்தார்கள்.

“ஐயா, வண்டிக்குத்தான் வாங்குதேன்னு இந்தப் பய சொல்லுதான். அது குடிக்கத நான் கண்ணால பாக்கணும்,” என்றாள் லூசியம்மாள். யாரும் தடுக்குமுன் புட்டியைத் திறந்து மோந்தாள். “இது டீத்தண்ணி.”

“சரக்கு ஆவியாயிருக்கும்,” என்றார் தனசீலன்.

“ஆவியானா டீயாவா மாறும்?”

ஜெயினுலாப்தீன் முன்னால் வந்தார். “எதையும் ஊத்த வேண்டாம்மா. நாலு மாசமா அது பெட்ரோல்லதான் ஓடுது. செக்ரட்டரி சாருக்குத் தெரியும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாலத்தின் கட்டட வேலைப்பாட்டைப் பார்த்தேன்.

“என்ன வச்சுண்டு பெட்ரோல்ல ஏறவே ஏறாது,” என்றார் தலைவர். அவர் குரல் மைக்கில் நாலு திக்கும் கேட்டது.

சேசுராஜ் ரோஸியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஏத்திக் காட்டுங்க,” என்றாள்.

ஒரே உதை. அறுநூறு சி.சி.யும் ஒருமிக்கக் கர்ஜித்தது. தாதர் கபூதர்கானாவில் தானியம் தின்றுகொண்டிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. டாக்ஸிகள் ஒதுங்கின. விக்டோரியா வண்டிக் குதிரை ஒன்று சலாம் வைப்பது போலக் காலைத் தூக்கியது. ரதம் பாலத்தில் ஏறவில்லை, பறந்தது. தலைவரின் மாலை பாதி வழியிலேயே கழன்று ஒரு பால்காரன் கழுத்தில் விழுந்தது. மைக்கில் முதலில் “சகோதரர்களே” என்றார். பிறகு விஷ்ணு சகஸ்ரநாமம் வந்தது. பிறகு “மெள்ளடா, மெள்ளடா.” பாலத்தின் உச்சியிலிருந்து, நடுங்கும் குரலில், கடைசியாக ஒன்று வந்தது:

“ஓய் தனசீலன், அலமாரில ரெண்டு பாட்டில் மிச்சம் இருக்கோன்னோ? நீங்க ரெண்டு பேரும் காலி பண்ணிடாதேங்கோ. நேக்கு இப்பவே ஒண்ணு வேணும்.”

தாதர் கிழக்கும் மேற்கும் அதைக் கேட்டன.

லூசியம்மாள் மெதுவாகத் தனசீலனிடம் போய் மோந்தாள். பிறகு என்னிடம் வந்தாள். அவள் கோபப்படவில்லை. “காலையிலயேவா ஐயா?” என்று மட்டும் கேட்டாள்.

வண்டி திரும்பி வந்ததும் சேசுராஜை மோந்து பார்த்தாள். எண்ணெய் வாடை, வேர்வை வாடை, வேறொன்றுமில்லை.

“ஞாயித்துக்கிழமை மூணாவது ஓலை. வெள்ளச் சட்ட போட்டுட்டு வால,” என்றாள். கொஞ்சம் யோசித்து, “ஆமா, பர்மிட்டுல ஒனக்கு நாப்பத்திரண்டு வயசுன்னாவளே?”

“அது டாக்டர் குடுத்தது அத்தை.”

தலைவரை நால்வர் சேர்ந்து இறக்கினோம். காலியான சைட்காரில் ரோஸி ஏறிக்கொண்டாள், பின்சீட்டில் லூசியம்மாள். சபையின் சொத்தான அந்த ரதம் எங்கள் கண்ணெதிரே மறுபடி பாலமேறி மறைந்தது. மைக்கை யாரும் அணைக்கவில்லை. ரோஸியின் சிரிப்பு வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரமே சபை கூடி இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. ஒன்று: அரசாங்கப் பதிவேட்டின்படி சேசுராஜ் குடிகாரர் ஆகையால், சபை விதிகளின் கீழ், மிகுந்த மனவேதனையுடன், அவர் விலக்கப்படுகிறார். இரண்டு: அறுநூறு சி.சி.யின் மாபெரும் வெற்றியை முன்னிட்டு ஆயிரத்திருநூறு சி.சி. எஞ்சின் ஒன்று உடனே கட்டப்படும். அதன் தாகம் இரண்டு மடங்கு இருக்கும் என்று நிபுணர் தனசீலன் மதிப்பிட்டிருக்கிறார். பர்மிட் எடுப்பதற்கு, மதுவின் வாடையே அறியாத ஒருவர் தேவை. மாதுங்கா மதுவிலக்கு மறுமலர்ச்சி சபையின் உறுப்பினர் அனைவரையும் பரிசீலித்துப் பார்த்தோம். ஒருவரும் தேறவில்லை. தயவுசெய்து வெளியாட்கள் விண்ணப்பிக்கவும்.